பழைய ஃபோர்டு, பழைய பாகம்: ஹாட் ராட் கேள்வி–பதில்

1930, 40-களில் தெற்குக் கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி வீசி, எஞ்சினை முறுக்கேற்றி, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓடவிட்டார்கள். ஹாட் ராட் பிறந்தது அங்கேதான். அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப்பிடித்து இன்றும் வண்டி கட்டுகிற வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கே: 1929 மாடல் ஏ ரோட்ஸ்டர் பாடி வாங்கியிருக்கிறேன். பழைய முறைப்படி கட்டிய வண்டி என்று சொல்ல, எந்த ஆண்டு வரை வந்த பாகங்களைப் போடலாம்? — சான் ஹோசே

ப: அதற்குச் சட்டப் புத்தகம் கிடையாது. ஒரு வருடத்தை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். 1948 என்று வைத்தால், அந்த வருடம் கையில் கொஞ்சம் காசுள்ள ஒரு பையனுக்கு உடைப்பு யார்டில் என்னவெல்லாம் கிடைத்திருக்குமோ அத்தனையும் சரி. 1939 ஃபோர்டின் கண்ணீர்த்துளி வடிவ டெயில் லாம்ப் போடலாம். எல்லோரும் ஆசைப்படுகிற உருண்டை டெயில் லாம்ப் 1950 பான்டியாக்குடையது, அது வேண்டாம். 1955-ல் வந்த ஷெவ்ரலே வி-8, ஆல்டர்னேட்டர், ரேடியல் டயர் எதுவும் ஆகாது.

எஞ்சினில்தான் பலர் சறுக்குகிறார்கள். 8பிஏ என்கிற ஃபிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே உள்ள ஃபோர்டு வி-8) 1949 மாடல் கார்களோடு வந்தது. புத்தம்புது எஞ்சினை யாரும் உடனே பிடுங்கி ஹாட் ராடில் போட்டிருக்க மாட்டார்கள். உங்களுக்கு ஏற்றது 59ஏ, 59ஏபி வகை. பார்த்தவுடனே பிரிக்கலாம்: 59 வகையில் பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூட்டின்) மேல்பாதி பிளாக்கோடு சேர்த்தே வார்த்திருக்கும், அதன் தலையில் 59 என்ற எண் புடைத்திருக்கும், ஹெட்டில் தண்ணீர்க் குழாய் நடுவில் இருக்கும். 8பிஏ-யில் பெல் ஹவுசிங் தனியாகப் போல்ட் போட்டது, தண்ணீர்க் குழாய் ஹெட்டின் முன்னோரத்தில்.

சேஸி விஷயத்தில் எங்கள் கருத்து வேறு. மாடல் ஏ சேஸி மெலிசு, வி-8-இன் முறுக்குக்கு வளைந்து கொடுக்கும். அதனால்தான் அன்றைக்கே 1932 சேஸிக்கு மாறினார்கள். வீல்பேஸ் மாடல் ஏ-யில் 103.5 அங்குலம், 1932-இல் 106. அசல் 1932 சேஸி இன்று யானை விலை. கிடைப்பதும் பெரும்பாலும் துருப்பிடித்து, முறுக்கி, பத்து இடத்தில் வெல்டிங் பட்டது. அதே அச்சில் புதிதாக அழுத்திய பட்டைகளை வாங்குங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. மாடல் ஏ பாடி மேலே உட்காரும்போது முன்பக்கம் கௌல் பகுதியில் (பானெட்டுக்கும் கதவுக்கும் இடையே) சேஸி அகலமாகத் துருத்தும். இரு பட்டைகளையும் அந்த இடத்தில் உள்ளே நெருக்கினால்தான் பானெட் கோடு ஒழுங்காக வரும். முன் குறுக்குச் சட்டம் மட்டும் மாடல் ஏ-யுடையதைப் போடுங்கள். வண்டி மூக்கு சுமார் ஓர் அங்குலம் தாழும்.

கே: 59ஏபி எஞ்சின். எங்கே ஓட்டினாலும் இருபதே நிமிடத்தில் கொதிக்கிறது. ரேடியேட்டர் புதிது, தெர்மோஸ்டாட்டுகளைக் கழற்றிப் பார்த்தும் பயனில்லை. — ஹூஸ்டன்

ப: நின்றால் மட்டும் சூடு, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை என்று பொருள்: ஃபேன், அதைச் சுற்றிய கூடு, பின்தங்கிய இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போதும் சூடு என்றால் கோளாறு தண்ணீர் ஓட்டத்தில். ரேடியேட்டர் புதிது என்கிறீர்கள், மிச்சம் பிளாக்தான்.

ஃபிளாட்ஹெட் பிறவியிலேயே சூட்டு உடம்பு. வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கில் இருக்கின்றன. எரிந்த புகை வெளியேறும் வழி சிலிண்டர்களுக்கு நடுவே, தண்ணீர் அறையை ஊடுருவிக்கொண்டு போகிறது. ஒரு பக்கத்துக்கு நான்கு எக்ஸாஸ்ட் வால்வு, வெளிவாசலோ மூன்று. நடு வாசலை இரண்டு சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அவ்வளவு சூடும் தண்ணீரில்தான் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் அறை அடைத்திருந்தால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் காப்பாற்றாது.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள்; இரண்டு வாட்டர் பம்புகளும் நின்றுவிடும். ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி எஞ்சினை ஒரே ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சோடா போலக் குமிழி வந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. ஒன்று கேஸ்கெட், இல்லை விரிசல். குமிழி இல்லையென்றால் அடைப்பு.

இரண்டுக்குமே ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த அச்சு மணலும் அதைத் தாங்கிய கம்பித் துண்டுகளும் பல பிளாக்குகளில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அதன்மேல் எழுபது, எண்பது வருடத் துரு. பம்ப் வாய் வழியாகவும் மேல்தளத் தண்ணீர்த் துளைகள் வழியாகவும் வளைத்த வெல்டிங் கம்பியை விட்டுச் சுரண்டுங்கள். ஒரு டம்ளர் மணல் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கடைசிச் சிலிண்டர்களைச் சுற்றித்தான் அதிகம் தங்கும். பிறகு காஸ்டிக் தொட்டி, மறுபடி சுரண்டல், மறுபடி கழுவல். ஒரு முறை தொட்டியில் முக்கிவிட்டு முடிந்தது என்று எடுத்து வருகிறவர்கள்தான் இரண்டு மாதத்தில் மீண்டும் எழுதுகிறார்கள்.

சுத்தமான பிளாக்கைக் காந்தத் துகள் சோதனைக்கும் அழுத்தச் சோதனைக்கும் கொடுங்கள். மேல்தளத்தில் தண்ணீர்த் துளையிலிருந்து, ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் துளைக்குப் போகும் சின்ன விரிசல் பாதிக்கும் மேற்பட்ட பிளாக்குகளில் இருக்கும். உலோகப் பின் அடித்து அடைக்கலாம், அதற்காக பிளாக்கை வீசாதீர்கள். எக்ஸாஸ்ட் சீட்டிலிருந்து சிலிண்டர் சுவருக்குள் இறங்குகிற விரிசல் அப்படி அல்ல. ஸ்லீவ் போட்டுச் சரிசெய்யும் கூலியில் வேறு நல்ல பிளாக்கே வாங்கிவிடலாம்.

மாட்டும்போது இரண்டு விஷயம். ஸ்டட்கள் தண்ணீர் அறைக்குள் இறங்குகின்றன, மரைக்கு சீலன்ட் பூசாவிட்டால் தண்ணீர் மரை வழியே ஏறிவரும். 59-க்கும் 8பிஏ-க்கும் தண்ணீர்த் துளைகளின் அமைப்பு வேறு. கேஸ்கெட்டை பிளாக்கின் மேலும் ஹெட்டின் மேலும் வைத்து, துளைக்குத் துளை ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள். அலுமினிய ஹெட் என்றால் நன்றாகச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால்தான் உட்காரும். தெர்மோஸ்டாட் இரண்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள். அவை எதிரி அல்ல.

கே: அதே 59 பிளாக். எவ்வளவு போர் (சிலிண்டர் விட்டத்தைப் பெரிதாக்குதல்) செய்யலாம்? மெர்க்குரி கிராங்க் கிடைத்திருக்கிறது. — சாக்ரமென்டோ

ப: 239 கன அங்குல எஞ்சினின் அசல் போர் 3 3/16 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 3.75. 1949–53 மெர்க்குரி கிராங்கின் ஸ்ட்ரோக் 4 அங்குலம். போரை 3 5/16 ஆக்கி அந்தக் கிராங்கைப் போட்டால் 276 கன அங்குலம். ஊரில் பாதிப் பேர் பெருமையாகச் சொல்லும் எண் அதுதான். 3 3/8 போனால் 286. பத்து கன அங்குலத்துக்காகச் சுவரை மெலிய வைத்துச் சூட்டை வாங்கிக்கொள்வது எங்கள் கணக்கில் நட்டம். எதைச் செய்தாலும் ஒலி அலைக் கருவியால் எட்டுச் சிலிண்டரின் சுவர்த் தடிமனையும் அளந்த பிறகு செய்யுங்கள்; வார்ப்பில் அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். கிராங்கை விற்றவர் சொன்னதை நம்பாமல் ஸ்ட்ரோக்கை அளங்கள். கனெக்டிங் ராட் பேரிங்கும் வேறு: 59-இல் பேரிங் ராடோடு ஒட்டாமல் சுழலும், பிந்தைய எஞ்சின்களில் ராடுக்குள் பூட்டி நிற்கும். ராடும் பேரிங்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கே: இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்ப்பரேட்டர். எஞ்சினை அணைத்த பிறகும் பெட்ரோல் சொட்டுகிறது, ஐடிலில் கரும்புகை. ஊசி, சீட் எல்லாம் மாற்றிவிட்டேன். — ஃபிரீமான்ட்

ப: பெட்ரோல் அழுத்தத்தை அளந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 97-க்கு 2 முதல் 2.5 பி.எஸ்.ஐ போதும். மூன்றைத் தாண்டினால் ஃப்ளோட்டின் சக்தி போதாது, ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் உள்ளே வரும். இன்றைய எலெக்ட்ரிக் பம்புகள் பல 5, 6 பி.எஸ்.ஐ தள்ளுகின்றன. கார்ப்பரேட்டருக்கு முன்னால் ஒரு கேஜை வைத்துப் பாருங்கள், ரெகுலேட்டரின் திருகில் எழுதிய எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அழுத்தம் சரியென்றால் மட்டம். மேல்மூடியையும் கேஸ்கெட்டையும் எடுத்துவிட்டு, கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பெட்ரோல் மட்டம் 15/32 அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஃப்ளோட்டின் கையை வளைத்துச் சரிசெய்யுங்கள். வளைக்கும்போது ஊசியைச் சீட்டில் வைத்து அழுத்தினால் புது ஊசியும் பாழ். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை.

கரும்புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழே இருக்கும், கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வு ஒற்றைக் கார்ப்பரேட்டருக்கான அளவில் இருக்கிறது. இரண்டு கார்ப்பரேட்டரிலும் அது ஒரே நேரத்தில் திறந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் கொட்டும். சிறிய துளை வால்வுக்கு மாறுங்கள். அதன் எண் டிரில் எண், ஆகவே எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கியவர்கள் ஏராளம்.

திராட்டில் கம்பியை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த இடைவெளி வழியே காற்று நுழைகிறது. எவ்வளவு திருகினாலும் ஐடில் நிற்காது. புஷ் போட்டுத்தான் தீர வேண்டும். ஆக்ஸிலரேட்டர் பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் திணறும். மெல்லிய எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிட்டு மாட்டுங்கள்.

சந்தையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ராம்பர்க் 81 வெளிப்பார்வைக்கு 97 மாதிரியே இருக்கும். சின்ன வி-8-60 எஞ்சினுக்காக வந்தது அது. எண்ணைத் தேய்த்து மினுக்கியிருந்தால் சந்தேகப்பட்டு, வென்டுரியின் (காற்று போகும் குழலின்) குறுகலான இடத்தை வெர்னியரால் அளங்கள். 97 என்றால் 31/32 அங்குலம், அதாவது 24.6 மி.மீ. 81 என்றால் 13/16, 20.6 மி.மீ. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கே: 1937 டியூப் (குழாய்) முன் ஆக்ஸில், பிளந்த விஷ்போன் (ஆக்ஸிலைச் சேஸியோடு பிடிக்கும் V வடிவக் கை). சேஸியில் வெல்டிங் வைத்த பிராக்கெட் இரண்டாவது முறையாக விரிசல் விட்டிருக்கிறது. இன்னும் தடித்த தகடு போடலாமா? — டல்லாஸ்

ப: தகட்டைத் தடிக்க வைத்தால் விரிசல் இடம் மாறும், போகாது. குறை தகட்டில் இல்லை, ஆக்ஸிலுக்கும் விஷ்போனுக்கும் உள்ள பொருத்தத்தில்.

ஃபோர்டு செய்தபடி விஷ்போனின் இரு கைகளும் பின்னால் ஒரே உருண்டை மூட்டில் சேர்கின்றன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியைச் சுற்றிச் சாயும், எதுவும் முறுகாது. எஞ்சினுக்கும் ஆயில் பேனுக்கும் இடம் வேண்டி விஷ்போனை நடுவே பிளந்து, இரு முனைகளையும் சேஸியின் இரு ஓரங்களில் மாட்டும்போது கதை மாறுகிறது: ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் ஆக்ஸில் துணியைப் பிழிவதுபோல் முறுகியாக வேண்டும். ஃபோர்டின் அடித்துச் செய்த ஐ-பீம் ஆக்ஸில் அப்படி முறுகிக் கொடுக்கும். குழாய் முறுகாது. முறுகாத ஆக்ஸில், பிடித்திருக்கும் பிராக்கெட்டைப் பிடுங்கும்.

வழி இரண்டு. டியூப் ஆக்ஸிலின் மேல் ஆசை என்றால் விஷ்போனைப் பிளக்காமல் பழையபடி நடு உருண்டையில் மாட்டுங்கள். பிளந்தே தீர வேண்டும் என்றால் 1932–36 ஐ-பீம் ஆக்ஸிலுக்கு மாறுங்கள். சூடேற்றி இழுத்துத் தாழ்த்திய ஆக்ஸில் என்றால் வளைவுகளில் காந்தத் துகள் சோதனை கட்டாயம். ஆக்ஸில் தாழ்ந்தால் டை ராட் உயர்ந்து விஷ்போனில் இடிக்கும், ஸ்டியரிங் கைகளையும் சேர்த்துத் தாழ்த்த வேண்டும்.

பிராக்கெட்டைப் பிரித்தது பிரித்தாயிற்று, கேஸ்டரையும் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) பார்த்துவிடுங்கள். 5 முதல் 7 டிகிரி. அதற்குக் குறைந்தால் 60, 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறும், ஆளும் உதறுவார். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) விட்டம் 0.813 அங்குலம், புஷ்ஷை இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டு அறுக்க வேண்டும், தனித்தனியாகச் செய்தால் கிங் பின் இறுகும் அல்லது ஆடும். குறுக்கே இழுக்கிற ஸ்டியரிங் என்றால் பான்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) அவசியம். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் பாடி ஷாக்கிளில் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் இணைப்பில்) பக்கவாட்டில் நகரும்.

கே: 1939 ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்கை மாட்டினேன். பெடல் பஞ்சுபோல் இருக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது. லைனிங் புதிது. — டொரான்டோ

ப: லைனிங் புதிதாக இருப்பதே காரணமாக இருக்கலாம். டிரம் 12 அங்குலத்துக்குச் செய்தது. உங்கள் டிரம்மை எத்தனை முறை லேத்தில் கடைந்திருக்கிறார்கள் என்று தெரியாது, 12.060-ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். பெரிதான டிரம்முக்குள் அசல் வளைவுள்ள ஷூ நடுவில் மட்டும்தான் தொடும். டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி ஷூவை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை நடுவில் மட்டும் ஒட்டினால் லைனிங்கை டிரம் வளைவுக்கு அரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த வகைப் பிரேக்கில் ஒவ்வொரு ஷூவுக்கும் கீழே தனித்தனி ஆங்கர் பின் (ஷூவைத் தாங்கும் முனை) உண்டு, அதையும் சரிசெய்ய வேண்டும். மேலே மட்டும் திருகிவிட்டுப் போகிறவர்களுக்கு வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பஞ்சுப் பெடலுக்குக் காரணம் வேறு. மாஸ்டர் சிலிண்டர் வண்டித் தரைக்குக் கீழே, வீல் சிலிண்டரைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஃபோர்டின் அசல் மாஸ்டரில் எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு உள்ளேயே உண்டு. டிஸ்க் பிரேக்குக்கான மாஸ்டரை மாட்டியிருந்தால் அது இருக்காது. டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ தடுப்பு வால்வு தனியாகப் போடுங்கள். அசல் மாஸ்டரில் ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இந்த இடத்திலும் நாங்கள் காலத்தூய்மையை விட்டுக்கொடுப்போம்: தரைக்கடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர்.

பின் ஹப்பைக் கழற்றும்போது கவனம். ஆக்ஸில் முனை கூம்பு, அதில் ஒரு சாவி (ஹப்பை ஆக்ஸிலோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டு). ஹப்பைப் பிடித்து இழுக்கும் புல்லரைப் பயன்படுத்துங்கள், ஆக்ஸில் முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். மாட்டும்போது கூம்பில் கிரீஸ் கூடாது, வறட்டு இரும்பாக இருக்க வேண்டும். நட்டைச் சுமார் 200 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். ஹப் தளர்ந்தால் சாவி அறுந்து, எஞ்சின் உறும, வண்டி நிற்கும்.

கே: 6 வோல்ட்டில் சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. 12-க்கு மாறிவிடவா? — நியூ ஜெர்சி

ப: கேபிளைப் பாருங்கள். கடையில் கிடைப்பது 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிள். வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பு, 00 அளவுத் தடித்த கேபிள் வேண்டும். எர்த் கேபிளை பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் கட்டுங்கள். ஃபோர்டில் எர்த் ஆவது பாசிட்டிவ் என்பதும் நினைவிருக்கட்டும்.

கே: பெயின்ட் அடிக்காமல் துருவோடு விட்டால் பழமைத் தோற்றம் வரும் என்கிறார்களே? — ஃபீனிக்ஸ்

ப: 1940-களில் யாரும் துருவை ரசிக்கவில்லை. காசு தீர்ந்தவன் பிரைமரோடு ஓட்டினான், காசு சேர்ந்ததும் பெயின்ட் அடித்தான். துரு என்பது பிற்கால ஃபேஷன். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், 1948 என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கே: இந்தியாவில் ஒரு ஹாட் ராட் கட்டி, விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியுமா? — கோயம்புத்தூர்

ப: முடியாது. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. ஹாட் ராட் என்றாலே அந்த மூன்றையும் மாற்றுவதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளர் அளவிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதி செய்தது. கையில் நல்ல அசல் பழைய ஃபோர்டு இருந்தால் அறுக்காமல் வைத்திருப்பதே மேல். உதிரிபாகம் தேடுவோருக்கு ஒரு தகவல்: இரண்டாம் உலகப் போரில் கனடா ஃபோர்டு அனுப்பிய ராணுவ லாரிகளிலும் 239 கன அங்குல ஃபிளாட்ஹெட்தான் இருந்தது.

கே: 1939 பிரேக்கின் மேல் 1935 ஒயர் வீல் மாட்டலாமா? — சியாட்டில்

ப: 1939 டிரம்மோடு முடியாது. 1936–39 ஃபோர்டில் ஐந்து போல்ட்டும் 10.25 அங்குல வட்டத்தில் இருக்கும். 1935 வரையிலும், பிறகு 1940 முதலும் 5.5 அங்குல வட்டம். பிரேக் 1939-ஆகவே இருக்கட்டும், டிரம்மை மட்டும் 1940–48-இலிருந்து எடுங்கள். அதிலும் ஒயர் வீலை நேரடியாக இறுக்கக் கூடாது. பிந்தைய டிரம்மின் முகம் ஒயர் வீலின் நடுத்தகட்டை ஓரத்தில் தாங்காது. நடுவே தாங்கு வளையம் வைக்காமல் நட்டை இறுக்கினால் நடுத்தகடு உள்ளே குழிந்து, போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும்.